ஒட்டகம் சொல்லித் தந்த மொழி

என் மகளுக்கு இத்தாலிய மொழி பழக்கியது ஒரு துணி ஒட்டகம். எனக்குப் பழக்கியதும் அதுதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தொண்ணூறுகளில் சிசிலித் தீவின் பலேர்மோவில் வீட்டுவேலைக்குப் போன எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு மொழி பழக்க வேறு யார் வந்தார்கள்? வேலைக்கு எடுத்தவர்கள் கையால் காட்டினார்கள். பஸ்ஸிலும் மாடிப்படியிலும் சந்தித்த சனம் ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போனது. ஒட்டகம் ஒன்றுதான் என் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிதானமாகக் கதைத்தது.

நாங்கள் நகரத்தின் ஓரத்தில் பிரான்காச்சோ என்ற பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பின் நாலாம் மாடியில் இருந்தோம். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. காலையில் நாப்போலிக் கப்பல் வந்து கட்டியதும் உள்ளே போவார். அது திரும்பப் புறப்படுவதற்கிடையில் அறை அறையாகக் கட்டில் விரிப்பு மாற்ற வேண்டும், கழிவறை தேய்க்க வேண்டும். நான் காலையில் ஒரு வீடு, மத்தியானத்துக்குப் பிறகு நகரத்தின் மற்றப் பக்கத்தில் ஒரு சின்யோரா வீடு என்று ஓடிக்கொண்டிருந்தேன். சின்யோரா என்றால் அம்மணி மாதிரி, அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கணவர் இல்லை. இரண்டு மகன்மாரும் மிலானோவில். வீடு பெரியது, கூரை உயரம், எத்தனை தரம் துடைத்தாலும் தூசி குறையாது. ஆனால் மனுசி நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் அவரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

மகளுக்கு அப்போது நாலு வயது. பாலர் பாடசாலை முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிச் சின்யோரா வீட்டுக்குப் போவேன். அவர் மறுப்பில்லாமல் சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும்: பிள்ளை குசினியை விட்டு வெளியே வந்து அலுமாரிச் சாமான்களில் கை வைக்கக் கூடாது. குசினியில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு சின்ன ரீவி இருந்தது. அதைப் போட்டுவிட்டால் பிள்ளை கதிரையை விட்டு அசையாது என்று சின்யோராதான் சொல்லித் தந்தார். நான்கு மணிக்கு அந்த ஒட்டகம் வரும்.

மண்ணிறத் துணியில் செய்த ஒட்டகம். ஒரு காது மடிந்திருக்கும், கண்ணிமை நீளம். அது ஒரு கேள்வி கேட்கும். கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தபடி வாயை அசைத்து அசை போடும். அந்த அசை போடுகிற நேரம்தான் பிள்ளைகள் பதில் சொல்லும் நேரம். பிறகு விழுங்கிவிட்டு "பிராவி! பிராவி!" என்று புகழும். கெட்டிக்காரர்கள் என்று அர்த்தம். நீங்கள் என்ன பதில் சொன்னாலும், பதிலே சொல்லாமல் மூக்கு நோண்டிக்கொண்டு இருந்தாலும், நீங்கள் கெட்டிக்காரர்தான்.

நான் அதே குசினியில் நின்று சின்யோராவின் படுக்கை விரிப்புகளை அயன் பண்ணுவேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கரகரத்த குரல். முதல் கிழமை எனக்கு எரிச்சல். இரண்டாம் கிழமை என்னை அறியாமலே ஒரு வசனம் விளங்கிவிட்டது. "நண்பனே, கை கழுவினாயா?" விளங்கியதும் அயன்பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரில் முதன்முதலாக ஒருத்தர் சொன்னது எனக்கு முழுதாக விளங்கியது, அது ஒட்டகமாகப் போய்விட்டது.

அந்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளைக்கு மூன்று வேளையும் நான் ஊட்டவில்லை. தலை வாரிவிடக்கூட அவசரம். பாதி நேரம் அவளைக் கதிரையில் இருத்திவிட்டு மற்றவர்களின் வீட்டைத் துடைக்கிறேன். இதெல்லாம் போகட்டும். ஆனால் அவளுக்கு நொந்தால், பயம் வந்தால், அதை முதலில் என்னிடம்தான் சொல்ல வேண்டும். தகப்பனிடம்கூட இரண்டாவதாகச் சொன்னால் போதும். அந்த முதலிடத்தை மட்டும் ஒருத்தருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். தாய் என்று சொல்ல என்னிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒட்டகம் ஒருநாள், "இன்று மத்தியானம் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டுவிட்டு அசை போட்டது. மகள் கதிரையில் எழுந்து நின்று, "சோறும் பருப்பும்!" என்று தமிழில் கத்தினாள். ஒட்டகம் விழுங்கியது. "பிராவி! எவ்வளவு ருசி!" என்றது.

மகள் என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் வெளிச்சம். "அம்மா, ஒட்டகத்துக்குத் தமிழ் விளங்குது!"

நான் சிரித்தேன். "ஓமடி குஞ்சு, விளங்கும்" என்றேன். பிள்ளையின் சந்தோசத்தை ஏன் கெடுப்பான் என்று விட்டுவிட்டேன்.

சில மாதம் போனது. அதே கேள்வி இன்னொரு நாள் வந்தது. மகள் இம்முறை, "பாஸ்தா!" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏன் பிள்ளை பொய் சொல்லுறாய்? நீ சோறெல்லோ சாப்பிட்டனி?"

"ஒட்டகத்துக்குச் சோறு பிடிக்காது அம்மா. அங்கை மற்றப் பிள்ளையள் எல்லாம் பாஸ்தாதான் சொல்லுவினம்" என்று அவள் எனக்கு விளங்கப்படுத்தினாள். மற்றப் பிள்ளைகளின் பதில் இவளுக்கு எப்படிக் கேட்டது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் அயன்பெட்டியை அழுத்தித் தேய்த்தேன், விரிப்பில் ஒரு மஞ்சள் தழும்பு விழுந்தது.

நிகழ்ச்சி முடிகிறபோது ஒட்டகம் தினமும் ஒரு கேள்வி கேட்கும். "இன்று உன் மனம் என்ன நிறம்?" சந்தோசம் என்றால் மஞ்சள், கவலை என்றால் நீலம், கோபம் சிவப்பு, பயம் சாம்பல். ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். மஞ்சள் இல்லாவிட்டால் ஒரு கிளாஸ் தண்ணீரை மெதுவாகக் குடித்துவிட்டு மறுபடி யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வைத்தியம். மகள் என்னையும் விடமாட்டாள். "அம்மா, உங்கடை மனம் என்ன நிறம்?" என்பாள். ஒருநாள் அலுப்பில், "கறுப்பு" என்றேன். அப்படி ஒரு நிறம் பட்டியலில் இல்லை என்று அவள் அழுதே விட்டாள். பிறகு நான் மஞ்சளுக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆறு வயதில் முதலாம் வகுப்பு. இரண்டு மாதம் கழித்து வகுப்பு ரீச்சர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சிரித்த முகம், இளம்பெண், எங்களுக்காகத் தன் பின்னேரத்தைச் செலவழித்துக் காத்திருந்தார். அவர் சொன்னதை என் கணவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். பிள்ளை கெட்டிக்காரி. ஆனால் இரண்டு மொழியையும் குழப்புகிறாள். வசனத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் நின்றுவிடுகிறாள். ஆகையால் வீட்டிலும் இனி இத்தாலிய மொழியில் மட்டுமே கதைக்க வேண்டும். பிள்ளையின் நன்மைக்கு.

பஸ்ஸில் திரும்பி வருகிறபோதே இவர் சட்டத்தை அமுலாக்கிவிட்டார். "இண்டையிலையிருந்து வீட்டிலை தமிழ் இல்லை."

"என்னப்பா கதைக்கிறியள்? எனக்கு இத்தாலியன் எங்கை தெரியும்?"

"பழகும். ரீச்சரை விட உமக்குக் கூடத் தெரியுமோ?"

அந்தக் கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் பதில் கிடையாது. டொக்டர் பத்து நாளுக்குத் தருகிற மருந்தை நாங்கள் நாலு நாளில் நிற்பாட்டுவோம். ஐயர் குறித்துத் தருகிற நாளை மண்டபம் கிடைக்கவில்லை என்று மாற்றுவோம். ஆனால் ரீச்சர் சொன்ன ஒரு சொல்லைத் தட்டின யாழ்ப்பாணத்து ஆளை நான் இன்னும் காணவில்லை. அந்த இளம்பெண் ஒரு யோசனையாகத்தான் சொல்லியிருப்பார். வேறொரு நாட்டுத் தாய்தகப்பன் என்றால் தலையாட்டிவிட்டு வீட்டில் தங்கள் பாட்டில் கதைத்திருப்பார்கள். நாங்கள் அதைக் கல்லில் வெட்டினோம். பழியை இவர் தலையில் மட்டும் போட எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் பயம். பிள்ளை வகுப்பில் வாயடைத்து நிற்கிறாள் என்றால் எந்தத் தாய்க்குத்தான் பயம் வராது?

ஆகவே நான் ஒட்டகத்திடம் முறையாகப் படிக்கத் தொடங்கினேன். சின்யோரா பழைய வீடியோ டெக் ஒன்றைத் தந்தார், நிகழ்ச்சியை நாடாவில் பதிந்தும் தந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மகளும் நானும் நிலத்தில் பாய் விரித்து இருப்போம். ஒட்டகம் சொல்லும், நான் சொல்லுவேன், மகள் திருத்துவாள். அவளுக்கு அது பெரிய விளையாட்டு. அம்மாவுக்கு அவள் ரீச்சர். நான் ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் சொன்னால் ஒட்டகம் மாதிரியே வாயை அசைத்து அசை போட்டுவிட்டுப் புகழுவாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். பொய் சொல்லி என்ன?

ஒரு வருசத்தில் நான் நிறையப் பழகிவிட்டேன். கை கழுவு நண்பனே. பொம்மையைப் பகிர்ந்து விளையாடு. தெருவைக் கடக்குமுன் இரண்டு பக்கமும் பார். தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். ஒட்டகத்திடம் படித்தது இவ்வளவு. சின்யோரா வீட்டில் படித்தது வேறொன்று: தும்புத்தடி, வாளி, அயன், பிளீச்சு, எந்தக் கறைக்குச் சுடுதண்ணீர், எந்தக் கறைக்குப் பச்சைத்தண்ணீர். இந்த இரண்டையும் சேர்த்தால் என் இத்தாலிய மொழி முடிந்தது. இடையில் ஒரு பெரிய வெளி கிடந்தது. மனிதர்கள் உண்மையில் கதைக்கிறதெல்லாம் அந்த வெளியில்தான் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

முதலில் சொல்லிக்காட்டியவர் வுச்சீரியாச் சந்தையில் ஒரு மீன்காரர். நான் போய் நின்று, "நண்பரே, தயவுசெய்து எனக்கு ஒரு மீன் தருவீர்களா? நன்றி நண்பரே" என்றேன். அந்தச் சந்தையில் தொண்டை கிழியக் கத்தாமல் ஒருத்தருக்கும் ஒன்றும் கிடைக்காது. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "சின்யோரா, என்னுடைய பேத்தியும் இப்படித்தான் கதைப்பாள். அவளுக்கு மூன்று வயது" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். மகள் சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

வீட்டில் தமிழ் முழுதாகச் சாகவில்லை. எனக்கும் இவருக்கும் சண்டை பிடிக்கத் தமிழ் வேண்டியிருந்தது. ஒட்டகம் சண்டை பழக்கவில்லையே. கப்பலில் ஆட்களைக் குறைக்கிறார்கள், வாடகைப் பத்திரம் புதுப்பிக்க வேண்டும், ஊரில் இடம்பெயர்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை, எல்லாவற்றுக்கும் நாங்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் பாய்ந்தோம். பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, இல்லாவிட்டால் பல்கனியில் நின்று. கதவைத் திறந்து வெளியே வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்று உன் மனம் என்ன நிறம்?" என்று இத்தாலிய மொழியில் கேட்பேன். "மஞ்சள்" என்பாள். "பிராவி" என்பேன்.

பலேர்மோவின் காவல் தெய்வமான ரொசாலியா மாதாவிடம் மட்டும் நான் தமிழில் கதைத்தேன். எங்கள் சைவக்காரர்களும் ஞாயிறு காலைகளில் வெறுங்காலோடு மாதாவின் கோயில் இருக்கிற மலைக்கு ஏறுவது வழக்கம். பிள்ளை வகுப்பில் நன்றாகக் கதைக்க வேண்டும் என்று நேர்த்தி வைத்தேன். மாதா குறையே வைக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் மகள் கதைத்த இத்தாலிய மொழியில் எங்களுடைய சாயல் துளியும் இல்லை என்று ரீச்சர் புகழ்ந்தார். தேர்ச்சிப் பத்திரத்தை இவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். துறைமுகத்தில் காட்டாத ஆள் இல்லை. எங்கள் ஆட்களின் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்கியபோது, "ஐஞ்சாம் வகுப்பு முடியட்டும், இப்ப குழப்ப வேண்டாம்" என்றார். நானும் சரி என்றேன்.

எட்டு வயதில் மகள் ஒட்டகத்தை விட்டாள். நான் நாடாவைப் போட்டுப் பாய் விரித்தேன். அவள் வாசலில் நின்று, "அது சின்னப் பிள்ளைகளுக்கு, மாம்மா" என்றாள். அம்மா எப்போது மாம்மா ஆனேன் என்று நினைவில்லை. அவள் புத்தகங்களுக்குப் போனாள், வகுப்புத் தோழிகளின் கதைகளுக்குப் போனாள், பாட்டுக்களுக்குப் போனாள். நான் ஒட்டகத்தோடு நின்றுவிட்டேன், பஸ் போன பிறகு தரிப்பிடத்தில் நிற்கிறவள் மாதிரி. இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் தனியே இருந்து பார்த்தேன். புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை.

ஒட்டகத்தில் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். நாலு வருசம் என் பிள்ளையை முகத்துக்கு முகம் பார்த்துக் கதைத்தது. அவள் சொன்ன ஒரு பதிலாவது அதன் காதில் விழுந்திருக்குமா? சோறு என்றாலும் பிராவி, பாஸ்தா என்றாலும் பிராவி. அதற்கு நேரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். பிறகு யோசித்தால் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். பதிலைக் கேட்டு அடுத்த கேள்வி கேட்க என்னிடம் வசனம் இல்லை. அவள் மஞ்சள் என்று சொன்னால் எனக்கு நிம்மதி. அதைச் சொன்னால் நான் விட்டுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் சின்யோராவோடு அவள் கதைத்தாள். பாடசாலை விட்டு நேரே அங்கே வருவாள். குசினியை விட்டு வெளியே வரக் கூடாதென்ற சட்டமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இருவரும் முன்னறையில் பெரிய சோபாவில் இருப்பார்கள். நான் அடுத்த அறையில் நிலம் துடைப்பேன். மகள் விடாமல் கதைப்பாள், நடுவில் சிசிலிக்காரர்களைப் போல நாக்கைச் சொடுக்குவாள், சின்யோரா கேள்வி மேல் கேள்வி கேட்பார், இருவரும் சிரிப்பார்கள். எனக்குத் துண்டு துண்டாக ஒன்றிரண்டு சொல் பிடிபடும். ரீச்சர், தோழி, பொய், அழுதாள். யார் அழுதது, எதற்கு என்று தெரியாது. வாளியை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன். எனக்குப் பொறாமைதான், வேறென்ன.

ஒரு தரம் முயற்சி செய்து பார்த்தேன். அவளுக்குப் பத்து வயது. சின்யோரா வீட்டிலிருந்து திரும்பும் பஸ்ஸில் யன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு இருந்தாள். களைத்த முகம். என்னையறியாமல், "என்ன குஞ்சு, களைச்சுப் போனியோ?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் என்ன செய்தேன்?" என்றாள் இத்தாலிய மொழியில். "ஏன் என்னோடு கோபம்?"

எனக்கு விளங்க இரண்டு தரிப்பிடம் எடுத்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்து வருகிற சத்தம், பல்கனியில் இருந்து வருகிற சீறல், அதுதான் அவளுக்குத் தெரிந்த தமிழ். அந்த மொழியில் கொஞ்சலாம் என்பதை மறந்துபோயிருந்தாள். நாங்கள் மறக்கப் பண்ணியிருந்தோம். அன்று பின்னேரம் இவரிடம் சொன்னேன். "படிப்பிலை ஒரு குறையும் இல்லைத்தானே" என்றார். அதுவும் உண்மைதான். உண்மையோடு நான் எப்படிச் சண்டை பிடிப்பது?

அடுத்த வருசம் அவள் பெரிய பாடசாலைக்குப் போனாள். பதினொரு வயது. ஒரு சனிக்கிழமை பாடசாலை முடிந்து பிரான்காச்சோ வீட்டுக்கு வந்தாள். அன்று எனக்கு வேலை இல்லை. இவர் கப்பலில். பையைப் போட்டுவிட்டு நேரே குளியலறைக்குப் போனவள் வெளியே வரவில்லை. கால் மணி, அரை மணி. தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது, நின்றது, திரும்ப ஓடியது. கதவைத் தட்டினேன். "ஒன்றுமில்லை" என்றாள். கதவு திறந்தபோது முகம் வெளுத்திருந்தது.

வாயில் வந்தது என்ன? "இன்று உன் மனம் என்ன நிறம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பதினொரு வயதுப் பிள்ளை அப்படிப் பார்த்து நான் காணவில்லை. நான் ஓடிப்போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, "மெதுவாகக் குடி, நண்பி" என்றேன். இத்தாலிய மொழியில் ஆறுதல் சொல்ல எனக்கு இருந்தது அவ்வளவுதான். "போதும், மாம்மா! போதும்!" என்று கத்தினாள். தண்ணீர் நிலத்தில் ஊற்றுண்டது.

அப்போது எனக்குத் தமிழ் வந்தது. தடுக்கத் தடுக்க வந்தது. "என்னம்மா, என்ரை குஞ்சு, எங்கை நோகுது? ஆரும் ஏதும் செய்தவையோ? அம்மாட்டைச் சொல்லன்." பயத்தில் குரல் உயர்ந்துவிட்டது. கையை நீட்டி அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நான் ஒன்றும் செய்யவில்லை! நான் ஒன்றும் செய்யவில்லை!" என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். நான் கையை இறக்கினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு போய் ரெலிபோனை எடுத்தாள். இலக்கத்தைப் பார்க்காமலே அழுத்தினாள். அது சின்யோராவின் இலக்கம்.

அழுதுகொண்டே அவருக்குச் சொன்னாள். நான் இரண்டு முழத் தூரத்தில் நின்றேன். அவ்வளவு வேகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை, ஒரு சொல்லைத் தவிர. இரத்தம். அந்தச் சொல் எனக்குத் தெரியும். விரிப்பில் இரத்தக் கறை பட்டால் பச்சைத்தண்ணீரில்தான் ஊற வைக்க வேண்டும், சுடுதண்ணீர் ஊற்றினால் போகாது என்று சின்யோராதான் பழக்கியவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் பிள்ளை பெரியபிள்ளை ஆகிவிட்டாள். அது தெரியாமல் தனக்கு ஏதோ வருத்தம், பெரிய நோய் என்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நானோ தண்ணீர் குடி என்கிறேன்.

மறுமுனையில் சின்யோரா ஏதோ சொல்லச் சொல்ல மகளின் விம்மல் குறைந்தது. ஒரு தரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சின்னதாகச் சிரித்தாள்கூட. பிறகு ரெலிபோனை என்னிடம் நீட்டினாள்.

சின்யோரா எனக்காக வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "பயப்படாதே. உன் மகளுக்கு வருத்தம் இல்லை. அவள் இன்று பெண்ணாகிவிட்டாள். அவளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். நான் இப்போது வருகிறேன், தேவையானதை வாங்கி வருகிறேன். விளங்கியதா?"

"விளங்கியது, சின்யோரா."

பிறகு அவர் ஒன்று கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, உண்மையிலேயே அறிய விரும்பினார். "உங்கள் ஊரில் தாய்மார் இதைப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லையா?"

எங்கள் ஊரில். எங்கள் ஊரில் தாய்க்குத்தான் முதலில் தெரியும், சின்யோரா. தாய் சொல்லித்தான் தகப்பனுக்கே தெரியும். மாமி வந்து தலைக்குத் தண்ணீர் வார்ப்பாள், தாய்மாமன் தேங்காய் உடைப்பான். முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும் குமட்டக் குமட்டத் தருவார்கள். பயப்படாதை, இது எனக்கும் வந்தது, என்ரை அம்மாவுக்கும் வந்தது என்று தாய் மடியில் சாய்த்துச் சொல்லுவாள். இதெல்லாம் என் தொண்டை வரைக்கும் வந்து நின்றது, எல்லாம் தமிழில். இத்தாலிய மொழியில் என்னிடம் இருந்தது ஓம், இல்லை, இரண்டும்தான். ஓம் என்றால், பிறகு ஏன் நீ சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

"இல்லை, சின்யோரா" என்றேன்.

மகள் பக்கத்தில்தான் நின்றாள், சின்யோரா ரெலிபோனில் கேட்டதும் அவளுக்குக் கேட்டது. நான் சொன்னது அவளுக்கு நன்றாக விளங்கியது.